ஆகட்டும் என்ற பச்சை எழுத்து

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் சமையலறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பெலார்மினோ பாரியெந்தோஸ் ஆகிய நான், என் தம்பி மகள் யாஸ்னா, என் மருமகள் எல்சிரா, மாத்தே மூலிகைத் தேநீர் குடிக்க வந்த பக்கத்து வீட்டு ருதெசிந்தோ மான்சீயா. என் மகன் நொல்பெர்த்தோ லாஞ்சில் இருந்தான். இருவழி ரேடியோ வழியாக அவன் குரல் மட்டும் வீட்டுக்குள் வந்தது. வெபூன் தீவிலிருந்து ஒஸ்வால்தோ சிகுவாயின் குரலும் அப்படித்தான் வந்தது. தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

எங்கள் குடும்பத்து லாஞ்சின் பெயர் க்ளோரிந்தா. என் தாயின் பெயர் அது. எங்கள் ஊரான தோல்கியானிலிருந்து புறப்பட்டு, வழியில் உள்ள சிறு தீவுகளில் ஆளை ஏற்றிக்கொண்டு காஸ்த்ரோ நகரத்துக்குப் போகும். கேட்டவர்களின் துறையில் மட்டும்தான் நிற்கும். எல்லாத் துறைக்கும் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் டீசல் கட்டாது, பொழுதும் கட்டாது. முன்பெல்லாம் ரேடியோவில் கேட்பார்கள். யாஸ்னா வால்திவியாவில் படித்துவிட்டுத் திரும்பியபின் போனில் கேட்பதற்கு ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தாள். அதைத் திறந்து, துறையைத் தொட்டு, பெயரைப் போட்டு, பொத்தானை அழுத்தினால் போதும்.

அன்று வடகாற்று எழும் என்று முதல் நாளே தெரியும். நடுப்பகலில் சிறு கலங்களுக்குத் துறைமுகத்தை மூடப்போவதாகக் காஸ்த்ரோவிலிருந்து காலையில் அறிவித்தார்கள். நொல்பெர்த்தோ விடியும்போதே கிளம்பிவிட்டான். எல்சிரா உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள், மில்காவோ என்ற கிழங்கு அடை செய்ய. அப்போதுதான் ரேடியோ கரகரத்தது.

"க்ளோரிந்தா, க்ளோரிந்தா, வெபூன்லேருந்து ஒஸ்வால்தோ. ஏன் நிக்காமப் போறீங்க? நாங்க துறையிலதான் நிக்கிறோம். இர்மா மழையில உக்காந்திருக்கா."

நொல்பெர்த்தோ பதில் சொன்னான். "வெபூன்லேருந்து யாரும் கேக்கலையே, ஒஸ்வால்தோ. என்கிட்ட உங்க பேரே வரல. நான் முனையத் தாண்டிட்டேன்."

"பேரு வரலையா? பச்சையா போட்டிருக்குய்யா போன்ல! 'ஆகட்டும், அயலாரே. லாஞ்சு உங்கள் துறைக்கு வரும்'னு. இன்னொரு தடவ படிச்சுக் காட்டட்டுமா?"

எல்சிராவின் கை நின்றது. ருதெசிந்தோ மாத்தே குடுவையைக் கீழே வைத்தான்.

இர்மா ஒஸ்வால்தோவின் மனைவி. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் காஸ்த்ரோவில் இயந்திரத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். வியாழக்கிழமை காற்றால் துறைமுகம் மூடியிருந்ததால் அவள் போகவில்லை. கால்கள் வீங்கிவிட்டன, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எல்லாத் தீவுக்கும் தெரியும். இன்று விட்டால் காற்று எப்போது அடங்குமோ அதுவரை கடக்க முடியாது. அதுவரை அவள் தாங்குவாள் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

யாஸ்னா மடிக்கணினியைத் துருவிய உருளைக்கிழங்குக்குப் பக்கத்திலேயே வைத்துத் திறந்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"பெரியப்பா, ஒஸ்வால்தோ அண்ணன் கேட்டது இங்க வரவே இல்ல."

"வராத ஒண்ணுக்கு எப்படி ஆகட்டும்னு சொல்லும்?"

"சொல்லும். நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்."

இதை விளக்க வேண்டும். எங்கள் தீவுகளில் ஒருவனுக்கு மர வீட்டை எருது பூட்டி இழுத்து இடம் மாற்றவோ உருளைக்கிழங்கு தோண்டவோ ஆள் வேண்டுமென்றால், அவன் அயல் வீட்டு வாசலில் வந்து தொப்பியைக் கழற்றி நின்று கேட்பான். வீட்டுக்காரன் முதலில் 'ஆகட்டும்' என்பான். என்ன வேலை, என்றைக்கு என்பதெல்லாம் அப்புறம்தான். வந்தவன் முகத்துக்கு எதிரே 'பார்க்கலாம்' என்று சொன்ன குடும்பங்களை இன்றும் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். பாரியெந்தோஸ் பெயர் அந்த வரிசையில் இல்லை.

யாஸ்னா முதலில் செய்த பக்கம் வேறு மாதிரி இருந்தது. சிக்னல் விழுந்தால் சிவப்புப் பெட்டி ஒன்று குதித்து வரும். 'பிழை. மீண்டும் முயலவும்' என்று, கீழே யாருக்கும் புரியாத ஒரு எண்ணோடு. லெங்கி தீவில் என் சித்தப்பா மகள் ஔரிஸ்தேலா அதைப் பார்த்திருக்கிறாள். புனிதர் திருவிழாவில் எல்லோருக்கும் முன்னால் எனக்கு முதுகைக் காட்டினாள். "உன் வாசல்ல வந்து மரியாதையா கேட்டேன் பெலார்மினோ. செவப்புல எழுதி வெரட்டிட்ட." அன்றிரவு வீட்டில் நான் சொன்னேன்: எங்கள் பெயர் மேலே இருக்கும் பக்கத்தில் சிவப்பு வரக்கூடாது, இந்த வீட்டின் முதல் சொல் ஆகட்டும்.

"அன்னைக்கு நீங்க சொன்னீங்க," என்றாள் யாஸ்னா. "நான் செவப்ப எடுத்தேன். பொத்தானை அழுத்தின உடனே பச்சை வர்ற மாதிரி வச்சேன். அனுப்புறது அதுக்கப்புறம்தான் நடக்கும். அது தோத்துப்போனா வெளிய சொல்லாம உள்ளயே முழுங்கிடும். திரும்பத் திரும்ப அனுப்பிப் பாக்கட்டும், எப்பவாவது போய்ச் சேரும்னு நெனச்சேன். பக்கம் தெறந்திருந்தாத்தான் அது நடக்கும். ஒஸ்வால்தோ அண்ணன் பச்சையப் பாத்ததும் போனை அணைச்சிருப்பாரு. பேட்டரி மிச்சம் பண்ண."

"நான் மரியாதையத்தான் சொன்னேன். பொய்ய இல்ல."

"அந்த வித்தியாசம் பக்கத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"உனக்குத் தெரியலையே!" என்றான் ருதெசிந்தோ. "வால்திவியாவுல அத்தன வருஷம் என்னதான் சொல்லிக் குடுத்தாங்க? சும்மா தலையாட்டவா?"

"நீங்க கொஞ்சம் வாய மூடுங்க, தோன் ருதெசிந்தோ," என்றாள் எல்சிரா. பிறகு அவள்தான், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, கேட்க வேண்டியதைக் கேட்டாள். "யாஸ்னா, வேற யாருக்கெல்லாம் பச்சை காட்டியிருக்கு?"

யாஸ்னா திரையில் இருந்த பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள்.

"தெரியாது அக்கா. வந்தது மட்டும்தான் இங்க இருக்கும். வராதது வரலைன்னு எங்கயுமே பதிவாகல. தெரிஞ்சிக்க வழியே இல்ல."

ரேடியோவில் நொல்பெர்த்தோ. "அப்பா, நான் முனையில நிக்கிறேன். திரும்பறேன். மேக்கு வழியாப் போனா சீக்கிரம், ஆனா வெபூன் மட்டும்தான். கெழக்கு வழின்னா மத்த துறையெல்லாம் பாத்துட்டு வெபூன் போகலாம், ஆனா ரொம்ப நேரமாகும். வேற யாராவது அவசரமா நிக்கிறாங்களா? ஒரு தடவதான் சுத்த முடியும். எந்த வழி?"

எங்களிடம் ஆகட்டும் வாங்கிக்கொண்டு எந்தத் துறையில் எந்த நோயாளி, எந்தப் பிள்ளைத்தாய்ச்சி மழையில் நிற்கிறாள் என்பது எங்களுக்கே தெரியவில்லை. நான் அறுபது வருஷம் கடலில் இருந்தவன். பாறை எங்கே என்று தெரிந்தால் சுற்றிப் போவேன். அன்று கண்ணைக் கட்டிக்கொண்டு சுக்கான் பிடித்தது போல இருந்தது.

"ரேடியோவுல கேட்டுடலாம் பெரியப்பா," என்றாள் யாஸ்னா. "எல்லாத் தீவும் கேட்டுட்டுத்தான் இருக்கும்."

அதுதான் சிக்கலும். அடுப்புக்குப் பக்கத்தில் ரேடியோ இல்லாத வீடு எங்கள் தீவுகளில் இல்லை. நாங்கள் வாயைத் திறந்தால் வார்காஸ் குடும்பம் கேட்கும். அவர்களும் லாஞ்சு ஓட்டுகிறார்கள்.

நான் மைக்கைக் கையில் எடுத்து, அழுத்தாமல், சொல்லவேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தடங்கலுக்கு க்ளோரிந்தா லாஞ்சு நிர்வாகம் வருந்துகிறது."

"இதக் கேட்டுட்டு துறையில நிக்கிறவங்க என்ன செய்வாங்க?" என்றாள் யாஸ்னா.

"நானா இருந்தா இன்னொரு மாத்தே ஊத்துவேன்," என்றான் ருதெசிந்தோ. "யாரோ செத்துட்டாங்க போல, நமக்கு வேண்டப்பட்டவங்க இல்லன்னு."

"அப்போ சிக்னல் விழுந்துட்டதுன்னு சொல்றேன். அது உண்மைதானே?"

"அது போதும் மாமா," என்றாள் எல்சிரா. "சிக்னல் விழறதுக்கு நாம பொறுப்பில்ல."

யாஸ்னா தலையை ஆட்டினாள். "சிக்னல் தெனமும்தான் விழுது அக்கா. பச்சையப் பாத்தவங்க, நம்மளுது முன்னாடியே போயிருச்சுன்னு துறையிலேயே நிப்பாங்க. பச்சையவே நம்பாதீங்கன்னு சொல்லணும். அதோட என்ன செய்யணும்னும் சொல்லணும்."

"எங்க அம்மா பேரப் போட்டு வந்த சொல்ல, நம்பாதீங்கன்னு நானே ஊருக்குச் சொல்லணுமா?"

"நான் சொல்றேன். எழுதினது நான்தானே. மைக்கக் குடுங்க."

கொடுக்கவில்லை. இந்த வீட்டின் பெயரில் ரேடியோவில் பேசுவது நான். என் தந்தை இறந்த நாளிலிருந்து அப்படித்தான். பிழை செய்தவள் இவள், எங்கள் வீட்டுச் சின்னப்பெண் என்று ஊர் நினைக்கும்படி ஒரு பெண்ணை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கும் வழக்கமும் எங்களிடம் இல்லை. அதையும் சொன்னேன். யாஸ்னா எழுந்து நின்றாள். அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அன்று ஒருநாள்தான்.

"யாரு பேசறதுங்கறதா இப்போ முக்கியம்? பேசுங்க பெரியப்பா! யாராவது பேசுங்க!"

அதற்குள் ஒஸ்வால்தோவின் குரல் வந்தது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தோன் பெலார்மினோ, கேக்குறீங்கன்னு தெரியும். இவளுக்கு மூச்சு வாங்குது. வர்றீங்கன்னா வர்றோம்னு சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். துடுப்புப் படகு இருக்கு. நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

வடகாற்றில் துடுப்புப் படகு என்றால் என்ன என்று அந்தச் சமையலறையில் இருந்த நால்வருக்கும் தெரியும். ருதெசிந்தோவின் அண்ணன் அப்படிப் போனவன்தான். நான் மைக்கை அழுத்தினேன்.

"எல்லாத் தீவுக்கும் சொல்றேன். பேசறது பெலார்மினோ பாரியெந்தோஸ். எங்க பக்கத்துல பச்சையா ஆகட்டும்னு பாத்திருந்தா அத நம்பாதீங்க. நீங்க கேட்டது எங்களுக்கு வந்து சேராமலே அது ஆகட்டும்னு சொல்லியிருக்கு. தப்பு எங்களோடது, சிக்னலோடது இல்ல. இன்னைக்குப் போகணும்னு நிக்கிறவங்க இப்பவே பேரும் துறையும் சொல்லுங்க. போன் வேண்டாம், ரேடியோவுல சொல்லுங்க. ஒஸ்வால்தோ, படகை எறக்காத. லாஞ்சு வரும்."

விரலை எடுத்ததும் கரகரப்பு மட்டும் கேட்டது. பிறகு குரல்கள், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து. ஒருவருக்குப் போன வாரத்துப் பச்சை. அவர் வார்காஸ் லாஞ்சில் போய்விட்டு எங்கள்மேல் கோபமாக இருந்திருக்கிறார். ஒருத்திக்குச் செவ்வாய்க்கிழமைக்கான பச்சை. ஔரிஸ்தேலாவும் வந்தாள். "பெலார்மினோ, எனக்கும் பச்சைதான் காட்டுது. அந்தச் செவப்பே தேவலாம் போலிருக்கே." லெங்கி துறையில் ஒரு தம்பதி கைக்குழந்தையோடு நின்றார்கள், குழந்தையின் காது வலிக்கு வைத்தியரைப் பார்க்க. அந்த ஆள் சொன்னான்: "நாங்க வீட்டுக்குப் போயிடறோம். குழந்த தூங்கிட்டா. நீங்க இர்மாவப் பாருங்க."

"மேக்கு வழி," என்றேன் நொல்பெர்த்தோவிடம்.

"ஏற்கெனவே திருப்பிட்டேன் அப்பா," என்றான். "உங்க பேச்சு முடியறதுக்குள்ள."

கடைசியாக வார்காஸ் மூத்தவனின் குரல், நிதானமாக, சிரிப்பை மென்றுகொண்டு. "தோன் பெலார்மினோ, எங்க லாஞ்சுலயும் எடம் இருக்கு. பச்சைதான் இல்ல." எல்சிரா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மறுபடி கிழங்கைத் துருவ ஆரம்பித்தாள்.

நான் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த நேரத்தில் நொல்பெர்த்தோ போய்த் திரும்பியிருக்கலாம் என்று ருதெசிந்தோ சொல்லித் திரிகிறான். அவனிடம் கடிகாரம் கிடையாது. ஆனால் லாஞ்சு வெபூனிலிருந்து இர்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது துறைமுகம் மூடிவிட்டது என்பது உண்மை. நோயாளி இருக்கிறாள் என்று சொல்லி உள்ளே வர அனுமதி வாங்கினார்கள். அலை உயர்ந்துவிட்டதால் மெதுவாகத்தான் வர முடிந்தது. வழியில் இர்மாவின் உதடு நீலமாகிவிட்டது. பயணிகள் எல்லோரும் எழுந்து அவளைப் பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார்கள்; படுக்க வைக்க முடியவில்லை. காஸ்த்ரோவில் ஆம்புலன்ஸ் நின்றது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

யாஸ்னா அன்று மாலையே பக்கத்தை நீக்கிவிட்டாள். புதிதாக எழுத அவள் எடுத்துக்கொண்ட நாட்களில் என்னோடு அதிகம் பேசவில்லை. ஒருமுறை மட்டும் வாசகத்தைக் கேட்க வந்தாள். இப்போது பொத்தானை அழுத்தினால் முதலில் மஞ்சள் வருகிறது: 'ஆகட்டும் என்று இன்னும் சொல்ல முடியவில்லை, அயலாரே. உங்கள் வேண்டுகோள் உங்கள் போனிலேயே பத்திரமாக இருக்கிறது; எங்களுக்கு வந்து சேரவில்லை. சிக்னல் கிடைக்கும்வரை பக்கத்தை மூடாதீர்கள். அவசரமென்றால் ரேடியோவில் கூப்பிடுங்கள்.' எங்களுக்கு வந்து சேர்ந்து, நொல்பெர்த்தோ பார்த்த பிறகுதான் பச்சை. அதே பக்கத்தில் வானிலை காட்டும் பெட்டி கெட்டுப்போனால் அந்தப் பெட்டி மட்டும் 'இப்போது தெரியவில்லை' என்கிறது. முன்பு போல முழுப் பக்கத்தையும் வெள்ளையாக்கிவிடுவதில்லை. எங்கே எது தோற்றாலும், அது எங்களுக்குச் சொல்லப்படுகிறது. எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர் இருக்க வேண்டும் என்றேன். இருக்கிறது.

சரியான வேலை. ஆனால் பச்சை வந்தபின்னும் எல்லோரும் ரேடியோவில் கூப்பிட்டு, "நெசமாவா தோன் பெலார்மினோ?" என்று கேட்கிறார்கள். நெசம்தான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். சிலர் அதற்குப் பிறகும் வார்காஸ் லாஞ்சில் போகிறார்கள்.

இர்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்கப் போனேன். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு தனியாகப் போனேன். யாஸ்னா வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டேன். ஒஸ்வால்தோ நடையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, தொப்பியைக் கழற்றினான்.

"தூங்குறா, தோன் பெலார்மினோ."

அவன் தோளுக்கு மேலே கதவு பாதி திறந்திருந்தது. இர்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கட்டும்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் இப்போது வெபூனில் இல்லை. இர்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காஸ்த்ரோவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒஸ்வால்தோ ஆடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுப் போனான். வடகாற்றை நம்பிக்கொண்டு அவளால் இனி தீவில் இருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அது டாக்டர் சொன்ன காரணம். வேறு காரணம் எதையும் ஒஸ்வால்தோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. யாஸ்னா கேட்டாள் என்று நினைக்கிறேன். ஒருநாள் காஸ்த்ரோ போய் வந்தபின் கணினியை மூடி வைத்துவிட்டு நாள் முழுவதும் விறகு பிளந்தாள்.

காஸ்த்ரோ சந்தையில் ஒரு பேச்சு உலவுகிறது. அன்று வெபூன் துறையில் லாஞ்சில் ஏறும்போது இர்மா என் மகன் முகத்தில் துப்பினாள் என்கிறார்கள். வார்காஸ் வீட்டுப் பெண்கள் அதை நடித்தே காட்டுகிறார்களாம்.

இர்மா துப்பவில்லை. நொல்பெர்த்தோ கை நீட்டினான், அவள் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒன்றும் சொல்லவில்லை.